சிறப்பு விருந்தினருக்கு ஏழு நிமிடம்

கீரனூர் பேருந்து நிலையத்திலிருந்து திருச்சி சாலையில் நான்கு கடை தள்ளி, மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது சொர்ணவல்லியின் தட்டச்சுப் பயிற்சி நிலையம். பதினாறு மெஷின்கள். காலை ஆறு மணிக்கு முதல் பேட்ச் தொடங்கும். ஒரு பேட்சுக்கு ஒரு மணி நேரம். ஐந்து நிமிடம் தாமதமாக வந்தவர்களுக்கு ஐம்பத்தைந்து நிமிடம்தான். பஸ் வரவில்லை, தம்பிக்குக் காய்ச்சல் என்று யார் என்ன சொன்னாலும், “அடுத்த பேட்ச் பிள்ளை வாசல்ல நிக்கிதுல்ல, அது என்ன பாவம் பண்ணுச்சு?” என்று கேட்பார். அதற்கு மேல் பேச்சு இருக்காது. இருபத்தெட்டு வருடமாக அந்த மாடிப்படியில் ஏறி இறங்கியவர்களில் பாதிப் பேர் இன்று ஏதாவது ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கீரனூரில் டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எல்லாருக்கும் முன்னால் இவர் முகம்தான் நினைவுக்கு வரும்.

நேரத்தில் இருந்த இந்தக் கறார்தான் அவரை நேசக்கரம் சேவைச் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கியது. சங்கம் வியாழக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்கு ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கூடும். வணக்கம், உறுதிமொழி, பிறந்தநாள் வாழ்த்து, சிறப்பு விருந்தினர் உரை, நன்றியுரை, வடை, டீ. முன்பெல்லாம் ஆறு மணிக் கூட்டம் ஏழுக்குத் தொடங்கி, விருந்தினர் பேசும்போது பாதி நாற்காலி காலியாகிவிடும். சொர்ணவல்லி செயலாளராக வந்த பிறகு ஆறுக்குத் தொடங்கி ஏழரைக்கு முடிந்தது. தலைவர் ஆத்மநாதன் ஹார்டுவேர்ஸ் கடைக்காரர், நல்ல மனிதர், யார் முகத்தையும் முறிக்கத் தெரியாதவர். “டீச்சர் வந்ததுக்கப்புறம்தான் நம்ம சங்கம் சங்கம் மாதிரி இருக்கு” என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்லுவார். அந்த வார்த்தை காதில் விழும்போது சொர்ணவல்லிக்கு உள்ளுக்குள் இனிக்கும். அதை அவர் பிற்பாடு வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார்.

ஆனி மாதக் கடைசி வியாழன். அன்றைக்குச் சிறப்பு விருந்தினர் ஆவூர் மரிய அந்தோணி. தீயணைப்புத் துறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நீரில் மூழ்குபவர்களைக் காப்பாற்றுவது பற்றி இருபத்தைந்து நிமிடம் பேச வேண்டும் என்று சொர்ணவல்லிதான் போனில் அழைத்திருந்தார். அவர் இரண்டு பஸ் மாறி ஐந்தரைக்கே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார். ஒல்லியான ஆள், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மடியில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்று இருந்தது.

ஆறு மணிக்குக் கூட்டம் தொடங்கும்போது, சங்கத்தின் மண்டலத் தலைவர் திருச்சியிலிருந்து வருகிறார் என்று சேதி வந்தது. அவர் வந்து சேர ஆறேமுக்கால் ஆனது. சால்வை போட்டார்கள், புகைப்படம் எடுத்தார்கள். அவர் தம் மண்டலத்தில் நடந்த நலத்திட்டங்களை ஒன்று விடாமல் சொன்னார். முடித்தபோது மணி ஏழு பதினெட்டு. ஏழரைக்கு வடை பரிமாற வேண்டும். மண்டலத் தலைவருக்கு அடுத்து விராலிமலையில் கூட்டம்.

சொர்ணவல்லி கடைசி வரிசைக்குப் போய்க் குனிந்து, “சார், கொஞ்சம் சுருக்கமா முடிச்சுக்கிறீங்களா? ஏழு நிமிஷம்” என்றார்.

“சரிங்க மேடம்” என்று மரிய அந்தோணி எழுந்தார்.

ஆத்மநாதன் அவரை அறிமுகம் செய்து முடிக்கவே ஐந்து நிமிடம் போய்விட்டது. மரிய அந்தோணி மைக்கின் முன் நின்று தொண்டையைச் செருமினார். “தண்ணிக்குள்ள எறங்கி நான் தூக்குனது நூத்துப் பதினாலு பேருங்க. அதுல உயிரோட தூக்குனது ஒம்பது. எங்க வண்டி வந்து சேர இருவது நிமிஷம் ஆகும். தண்ணி நமக்குக் குடுக்குறது நாலு நிமிஷம். அப்ப யாரு காப்பாத்தணும்? கரையில நிக்கிறவங்கதான். அவங்களுக்கு நீச்சல் தெரியணும்னு அவசியமே இல்லீங்க. குதிக்கவும் கூடாது. குதிச்சா ரெண்டு பொணம். அதுக்கு வேற வழி இருக்கு, சின்னப் பிள்ளைகூடச் செய்யலாம்.”

இதைச் சொல்லிவிட்டுக் கட்டைப்பையை எடுக்கக் குனிந்தார். சொர்ணவல்லி எழுதி வைத்திருந்த துண்டுச்சீட்டை மைக்குக்குப் பக்கத்தில் நீட்டினார். ‘நேரம் முடிந்தது. நன்றி.’

மரிய அந்தோணி சீட்டைப் படித்தார். பையைத் திரும்பக் கீழே வைத்தார். “வாய்ப்புக் கொடுத்ததுக்கு நன்றிங்க” என்று கும்பிட்டுவிட்டு இறங்கினார். எல்லாரும் கை தட்டினார்கள். பொன்னாடை போட்டார்கள். வடை வந்தபோது அவர் இல்லை; ஆவூர் போகிற பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டிருந்தார்.

கதவோரம் டீ டம்ளர் தட்டோடு நின்றிருந்தவர் அமுதவல்லி. பயிற்சி நிலையத்தைக் கூட்டிப் பெருக்குவது அவர் வேலை. வியாழக்கிழமைகளில் சங்கத்துக்கு டீ ஊற்றவும் வருவார். முப்பத்தைந்து வயது. கீரனூருக்குக் கிழக்கே ஆறு மைலில் ஊர், பேர் வேண்டாம். டம்ளர் கழுவும்போது அவர் சொர்ணவல்லியிடம் கேட்டார்.

“டீச்சரம்மா, அந்த சாரு பைக்குள்ள என்ன வெச்சிருந்தாரு?”

“ஏதோ கயிறுன்னு நெனைக்கிறேன். ஏன்?”

“நீச்சல் தெரிய வேணாம்னாருல்ல. அப்புறம் எப்புடிக் காப்பாத்துறதாம்னு கேக்கலாம்னு நின்னேன், அதுக்குள்ள முடிச்சுட்டாரு. எங்க ஊர்ல பழைய குவாரிப் பள்ளத்துல தண்ணி கெடக்கு. அங்கிட்டுத்தான் எல்லாரும் துவைக்கப் போறோம். அவர ஒரு நாளைக்கு எங்க ஊருக்கு வரச் சொல்லுங்களேன்.”

“பாக்கலாம்” என்றார் சொர்ணவல்லி. மண்டலத் தலைவருக்கு வடை போதவில்லையோ என்று அவர் கண் கூடத்துப் பக்கம் இருந்தது.

மறுநாள் கூட்ட நடவடிக்கைக் குறிப்பை அவரே தட்டச்சு செய்து மினிட் புக்கில் ஒட்டினார். ‘சிறப்பு விருந்தினர் திரு. மரிய அந்தோணி அவர்கள் நீர்நிலைப் பாதுகாப்புக் குறித்துச் சிறப்பாக உரையாற்றினார்கள். கூட்டம் சரியாக 7.30 மணிக்கு நிறைவுற்றது.’

இரண்டு வாரம் போனது. அமுதவல்லி இடையில் ஒரு தடவை, “அந்த சாருகிட்டப் பேசுனீங்களா டீச்சரம்மா?” என்றார். “பேசணும்” என்றார் இவர். எண் கோப்பில் இருந்தது. பரீட்சைக் காலம், விண்ணப்பப் படிவங்கள் மலைபோலக் கிடந்தன. பேசவில்லை.

ஆடி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமுதவல்லி வேலைக்கு வரவில்லை. சொல்லாமல் நிற்கிற ஆள் இல்லை. காலை எட்டு மணிப் பேட்சில் அந்தப் பக்கத்து ஊரிலிருந்து வருகிற ஒரு பெண்தான் சொன்னது. “டீச்சர், ஒங்க அமுதாக்கா குவாரியில விழுந்துட்டாங்க. நேத்துச் சாயந்திரம். எடுத்துட்டாங்க.”

“எடுத்துட்டாங்கன்னா?”

“பொணமாத்தான் டீச்சர் எடுத்தாங்க” என்றது அந்தப் பெண்.

அன்றைக்குத்தான், இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக, பேட்ச் நடந்துகொண்டிருக்கும்போதே சொர்ணவல்லி மாடிப்படி இறங்கிப் போனார்.

சாவு வீட்டில் அமுதவல்லியின் மாமியார் முனியாயி வருகிறவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் மோட்டார் பழுதாகி நாலு நாள் குழாயில் தண்ணீர் இல்லை. துவைக்கவும் தண்ணீர் எடுக்கவும் எல்லாரும் பள்ளத்துக்குத்தான் போனார்கள். சோப்பு நுரை பட்ட பாறையில் கால் வழுக்கியது. “நாலு பொம்பளைங்க நின்னாளுக. எம் மகன் மாட்ட ஓட்டிக்கிட்டு அங்கிட்டுத்தான் நின்னான். கொடம் கெடக்கு, துணி கெடக்கு, கயிறு கெடக்கு, எல்லாம் கெடக்கு. அவளத் தூக்க ஒரு கை இல்ல. ரெண்டு தரம் மேல வந்துச்சு எம் புள்ள. ரெண்டு தரமும் அவன் பேரச் சொல்லுச்சு.”

அமுதவல்லியின் கணவர் கண்ணுசாமி பந்தலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. சொர்ணவல்லி அவர் முன் போய் நின்றார். கையைக் கூப்பிவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த வியாழன் சங்கத்தில் இரண்டு நிமிட மௌன அஞ்சலி. நேரத்தைக் கணக்கிட வேண்டியவர் சொர்ணவல்லி. அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஆத்மநாதன்தான் கடைசியில் கனைத்து எல்லாரையும் உட்கார வைத்தார். கூட்டம் முடிந்ததும் சொர்ணவல்லி அவரிடம், அமுதவல்லி கேட்டதையும், தாம் பாக்கலாம் என்றதையும் சொன்னார்.

“விடுங்க டீச்சர். நாம என்னத்தக் கண்டோம்?” என்றார் ஆத்மநாதன். “அன்னைக்கு மண்டலத் தலைவரு லேட்டா வந்துட்டாரு. ஒங்க மேல என்ன தப்பு இருக்கு?”

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் அந்த ஆறுதல் சொர்ணவல்லிக்குச் சுமையாகிவிட்டது. தப்பு என்று ஒருவராவது சொல்லியிருந்தால் அதை வைத்துக்கொண்டு அழுதிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை. பயிற்சி நிலையத்தைத் தாமே பெருக்கினார். வேறு ஆள் வைக்க மனம் வரவில்லை. வீட்டில் கணவர், “ஏன் ராத்திரியெல்லாம் பொரண்டுக்கிட்டே இருக்க?” என்றால், புழுக்கம் என்பார். மினிட் புக்கை ஒரு நாள் எடுத்துப் படித்தார். ‘சிறப்பாக உரையாற்றினார்கள்.’ அந்த வரி சத்தியமாகப் பொய். ஒரு தப்பில்லாமல் அடித்திருந்தார்.

ஆடி கடைசி ஞாயிறு. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஆவூர் போனார். பூசை முடிந்து கோயிலிலிருந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்த நேரம். மரிய அந்தோணியின் வீட்டு வாசலில் நின்று, உள்ளே போகாமலே சொர்ணவல்லி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். துண்டுச்சீட்டு, அமுதவல்லி கேட்டது, பாக்கலாம், பேசணும், குவாரி. மரிய அந்தோணியின் மனைவி அடைக்கலமேரி நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

“ஒக்காருங்க மேடம்” என்றார் மரிய அந்தோணி. “நான் இதுவரைக்கும் பதினேழு எடத்துல பேசியிருக்கேன். முழுசாப் பேச விட்டது ஆறு. அந்த ஆறுலயும் வீட்டுக்குப் போயி ஒரு கயித்த எடுத்துக் கட்டுனவங்க எத்தன பேருன்னு எனக்குத் தெரியாது.”

“அப்படின்னா நான் செஞ்சதுல ஒண்ணும் இல்லைன்னு சொல்றீங்களா?”

“அப்புடிச் சொல்லலீங்க” என்றார் மரிய அந்தோணி. “அன்னைக்கு பஸ்ஸுல வரும்போது எனக்குக் கோவம்தான். வீட்டுக்கு வந்து இவகிட்டகூடப் பேசல. ஆனா கேக்கணும்னு ஒரு ஆளு அங்க நின்னுச்சுன்னு எனக்குத் தெரியாதே. தெரிஞ்சிருந்தா கூட்டம் முடிஞ்சு நின்னு காட்டிட்டு வந்திருப்பேன். வடைக்கு நிக்காமக் கோவிச்சுக்கிட்டு வந்தது நானு.”

பிறகு அந்தக் கட்டைப்பையை எடுத்து வந்தார். ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்று. அதன் கைப்பிடியில் கட்டிய நைலான் கயிறு, நாற்பது அடி. கேனில் கால்வாசித் தண்ணீர் ஊற்றி மூடினார். “வெறுங் கேனு காத்துல பறந்துரும். கொஞ்சம் தண்ணி இருந்தா எறியலாம், மெதக்கவும் செய்யும்.” வாசலிலிருந்து எதிர் வேலிக்கு வீசினார். கேன் வேலியோரம் விழுந்தது. “விழுந்தவங்க இதைப் புடிச்சா போதும், நாம இழுத்துரலாம். கேனு இல்லைன்னா பிளாஸ்டிக் கொடம், மூடிய இறுக்கிக் கவுத்துனா ரெண்டு பேரத் தாங்கும். கயிறு இல்லைன்னா சேலை. மாட்டுக் கயிறு இருந்தா இன்னும் நல்லது.”

கொடம் கெடக்கு, துணி கெடக்கு, கயிறு கெடக்கு. முனியாயி சொன்ன அந்த வரிசை இப்போதுதான் சொர்ணவல்லிக்கு உறைத்தது. எல்லாம் அங்கே இருந்தது. இந்த மனிதர் பையைத் திறந்து காட்டியிருக்க வேண்டிய மூன்று நிமிடம் மட்டும்தான் இல்லை.

அடைக்கலமேரி தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். சொர்ணவல்லி அங்கேயே உட்கார்ந்து அழுதார். இருவரும் அவரைத் தேற்ற முயலவில்லை. அது நல்லதாகப் போயிற்று.

“அந்த ஊருக்கு வருவீங்களா சார்?” என்று கடைசியில் கேட்டார்.

“வாரேன். ஆனா சங்கத்து பேனரு, சால்வை எதுவும் வேணாம்.”

அடுத்த ஞாயிறு காலை பள்ளத்தின் கரையில் ஊர்ச் சனம் நாற்பது, ஐம்பது பேர் கூடினார்கள். மரிய அந்தோணி இடுப்பளவுத் தண்ணீரில் ஓர் ஆளை நிற்க வைத்து, கரையிலிருந்து கேனை எறிந்து காட்டினார். பெண்களை ஒவ்வொருவராக எறியச் சொன்னார். குடத்தைக் கவிழ்த்து அதில் தாமே தொங்கிக் காட்டினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று, ஒருவரும் கலையவில்லை. சொர்ணவல்லி ஓரமாக ஒரு பாறையில் நின்றார். எதிர்க்கரையில் கண்ணுசாமி நிற்பதை அவர் பார்த்தார். குடம் மிதந்ததும் கண்ணுசாமி அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

முடிந்து எல்லாரும் போன பிறகு கண்ணுசாமி சொர்ணவல்லியின் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் வந்தார்.

“அவ அன்னைக்கே வந்து சொன்னா டீச்சரம்மா” என்றார். “பயர் சர்வீஸ் சார் ஒருத்தர் நம்ம ஊருக்கு வரப்போறாரு, டீச்சர் கூட்டியாருவாங்கன்னு. எதுத்த வீடு, பக்கத்து வீடு எல்லாத்துக்கும் சொல்லி வெச்சிருந்தா.”

சொர்ணவல்லி இதை எதிர்பார்க்கவில்லை. தாம் ஒப்புக்கொள்ள வேண்டிய ரகசியம் என்று இவ்வளவு நாள் சுமந்தது கண்ணுசாமிக்கு முன்பே தெரிந்திருக்கிறது. சாவு வீட்டில் அவர் முன் கைகூப்பி நின்றபோதும் தெரிந்திருக்கிறது.

“நான் மறந்துட்டேன் கண்ணுசாமி.”

“எப்புடி மறந்தீங்க?”

சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதற்குப் பரீட்சை, விண்ணப்பம் என்று எதைச் சொன்னாலும் அது பதில் ஆகாது என்று சொர்ணவல்லிக்குத் தோன்றியது.

“பெருசா எடுத்துக்கல” என்றார். “அமுதா கேட்டதுனாலதான் பெருசா எடுத்துக்கல. வேற யாராச்சும் கேட்டிருந்தா அன்னைக்கே போன் பண்ணியிருப்பேன்.”

கண்ணுசாமி தண்ணீர்ப் பக்கம் திரும்பினார். “மாட்டுக் கயிறு எங் கையிலதான் இருந்துச்சு. கையில வெச்சுக்கிட்டே கத்திக்கிட்டு நின்னேன்.”

“அது ஒங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதத் தடுத்தது நான்.”

கண்ணுசாமி பள்ளத்தின் கரையைக் கையால் காட்டினார். “கயிறு கட்டுனா மட்டும் பத்தாது. சுத்தி வேலி போடணும். கலெக்டருக்கு மனு எழுதிக் குடுங்க” என்றார்.

மறுநாள் பதினொரு மணிக்கு, பேட்சுகளுக்கு இடையில், கண்ணுசாமி மாடியேறி வந்தார். அமுதவல்லி தினமும் துடைத்த மெஷின்களைப் பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல சொர்ணவல்லி அடித்தார். எந்தத் தேதி, எத்தனை மணி, பள்ளம் எவ்வளவு ஆழம், எத்தனை வீட்டார் அங்கே போகிறார்கள்.

“அந்த சாரு பேச வந்ததையும் போடுங்க.”

சொர்ணவல்லி அடித்தார். படித்துக் காட்டினார். “மேற்படி பாதுகாப்பு முறைகளை எடுத்துரைக்க வந்த ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரருக்கு, கீரனூரில் நடந்த கூட்டத்தில் போதிய நேரம் அளிக்கப்படவில்லை. அவரை எங்கள் ஊருக்கு அழைக்குமாறு என் மனைவி விடுத்த கோரிக்கையும் கவனிக்கப்படவில்லை.”

கண்ணுசாமி எட்டாவது வரை படித்தவர். கொஞ்சம் யோசித்தார். “யாரு குடுக்கல, யாரு கவனிக்கலைன்னு அதுல இல்லையே டீச்சரம்மா.”

விரல் மெஷின் மேலேயே நின்றது. பிறகு சொர்ணவல்லி அந்தத் தாளை உருவிவிட்டு வேறு தாள் சொருகினார். முதலிலிருந்து அடித்தார். இந்தத் தடவை அந்த இடத்தில் ‘சங்கச் செயலாளர் திருமதி சொர்ணவல்லி அவர்கள்’ என்று வந்தது. அடித்து முடித்து, ‘அவர்கள்’ என்பதை மட்டும் பேனாவால் கோடு போட்டு நீக்கிவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

“நானும் கூட வாரேன்” என்றார்.

“வேணாம். நான் போய்க்கிறேன்.” மனுவை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை புதுக்கோட்டையில் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தார். அதன் நகலை சொர்ணவல்லி வியாழக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தார். ஆத்மநாதனுக்கு முகம் சுண்டிவிட்டது. “இதையெல்லாம் வெளிய சொல்லணுமா டீச்சர்?” என்று மெல்லக் கேட்டார். ஆனால் அடுத்த வாரம் தம் கடையிலிருந்து பதினொரு சுருள் நைலான் கயிற்றை அவரேதான் கொண்டுவந்து இறக்கினார்.

வேலி கார்த்திகையில் வந்தது. மூன்று பக்கம் போட்டிருக்கிறார்கள். பாறை தூக்கலாக இருக்கிற நான்காவது பக்கம் இன்னும் பாக்கி. கீரனூரைச் சுற்றிப் பதினொரு பள்ளங்களில் கம்பம் நட்டுக் கயிறும் கேனும் தொங்குகின்றன. இரண்டு இடத்தில் கயிறு களவு போய் மறுபடி கட்டினார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு சொர்ணவல்லியும் மரிய அந்தோணியும் எல்லா இடத்துக்கும் போய் முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அமுதவல்லி விழுந்த பள்ளத்துக்குப் போகிற வழியில்தான் கண்ணுசாமி வீடு. சில ஞாயிறு அவர் வாசலுக்கு வந்து, “வெயில்ல வாரீங்க, தண்ணி குடிச்சுட்டுப் போங்க” என்பார். சில ஞாயிறு ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து உள்ளே போய்விடுவார். தண்ணீர் கொடுத்தால் சொர்ணவல்லி வாங்கிக் குடிப்பார். உள்ளே போய்விட்டால், அதையும் தமக்கு உரியது என்றே எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்புவார்.